சுற்றுலாப் படிப்பு, சட்டம், வேலை: சுங்கை சிப்புட் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் நீல பேட்ஜ் வைத்திருக்கும் சுற்றுலா வழிகாட்டி. பிறந்து வளர்ந்தது மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தால் சுற்றுலா படித்த பிள்ளைகள், படிக்கப்போகும் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள் என்று யாராவது வந்துவிடுவார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதிலையும் கீழே தந்திருக்கிறேன்.

அக்கா, டூரிசம் டிகிரி முடிச்சிட்டேன். இனிமே கைடா வேலை செய்யலாம்தானே?

முடியாது தம்பி. பட்டம் வேறு, உரிமம் வேறு. 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில்துறைச் சட்டம், அதாவது 482ஆம் சட்டம், கூலி வாங்கிக்கொண்டு சுற்றுப்பயணிகளுக்கு வழிகாட்டும் எவரும் உரிமம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அந்த உரிமத்தைத் தருவது சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சு. பல்கலைக்கழகம் தரும் சான்றிதழ் அதற்கு ஈடாகாது.

உரிமம் வேண்டும் என்றால் அமைச்சின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் வழிகாட்டிக்கான அடிப்படைப் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதித் தேற வேண்டும். சில ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) செலவாகும். வகுப்புகள் பல மாதம் நடக்கும். பட்டமளிப்பு விழாப் படத்தை வீட்டில் மாட்டிய மறுவாரமே இது தெரியவந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மூன்று வருடம் சொல்லிக்கொடுத்தவர்கள் முதல் வருடத்திலேயே இதைச் சொல்லியிருக்கலாம்.

அப்போ டிகிரி படிச்சது வீணா?

வீண் இல்லை. சட்டம் உரிமம் கேட்பது சுற்றுலாத் தொழிலில் சில வேலைகளுக்கு மட்டும்தான். ஹோட்டல் வரவேற்பு, முன்பதிவு, மாநாட்டு ஏற்பாடு, விமான நிறுவனம், டூர் நிறுவனத்தின் உள்வேலை, சுற்றுலா வாரியம், கேளிக்கைப் பூங்கா நிர்வாகம் எதற்கும் தனி ஆளாக உரிமம் எடுக்க வேண்டியதில்லை. அங்கெல்லாம் உங்கள் பட்டமோ டிப்ளோமாவோதான் பேசும். டூர் நிறுவனத்துக்கு உரிமம் கட்டாயம். ஆனால் அது கம்பெனியின் பாடு. அங்கே மேசையில் உட்கார்ந்து பயணத் திட்டம் போடுபவருக்கு அது தேவையில்லை.

படிப்பில் சேரும் முன் ஒன்றை மட்டும் பார்த்துவிடுங்கள். அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. என்ற மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்திலேயே தேடலாம். இல்லாவிட்டால் பி.டி.பி.டி.என். என்ற அரசின் உயர்கல்விக் கடனும் கிடைக்காது, அரசு வேலைக்கும் செல்லாது.

நீல பேட்ஜ், பச்சை பேட்ஜ்னு சொல்றாங்களே, எனக்கு எது?

நீலம் நகர வழிகாட்டிக்கு. பயணிகளோடு பேருந்தில் ஏறி ஈப்போ, பினாங்கு, மலாக்கா என்று ஊர் ஊராகப் போகிறவர்கள் அதை எடுக்க வேண்டும். பச்சை இயற்கை வழிகாட்டிக்கு, அதுவும் குறிப்பிட்ட இடத்துக்கு மட்டும். நம் பேராக்கில் ராயல் பெலும் காடும் கோப்பெங் பக்கத்துக் குகைகளும் இருப்பதால் பச்சைக்கும் வேலை உண்டு. அதன் பயிற்சிக் காலமும் குறைவு, செலவும் குறைவு.

பணமில்லாத பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். காட்டில் நடக்கப் பிடிக்கும் என்றால் பச்சையில் தொடங்குங்கள், சம்பாதித்து நீலத்துக்குப் போங்கள். மழையில் அட்டை கடித்தாலே ஓடிவிடுவேன் என்றால் பொறுத்திருந்து நேராக நீலத்துக்கே போங்கள்.

ஒரு தடவை பேட்ஜ் எடுத்துட்டா ஆயுசு பூரா போதுமா?

போதாது. காலம் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். இடையில் தொடர்கல்வி வகுப்புகளுக்கும் போய், அந்தச் சான்றைக் காட்ட வேண்டும். சீ.டி.ஆர்.இ. என்று எங்களுக்குள் பேசிக்கொள்வது இதைத்தான்.

எல்லாரும் புதுச் சட்டம் புதுச் சட்டம்னு பேசறாங்க. எதுதான் புதுசு?

புதிதாக ஒரே சட்டம் வந்துவிடவில்லை. 482ஆம் சட்டம்தான் இன்னமும் அடித்தளம். அதைச் சுற்றிச் சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. அவைதான் புதுப் பட்டதாரியின் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் தொடுகின்றன.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் திருத்தங்கள் 1.1.2023இல் நடப்புக்கு வந்தன. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45க்கு இறங்கியது. பேறுகால விடுப்பு 98 நாள் ஆனது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. ஐந்து பேருக்கும் குறைவாக வைத்திருக்கும் சின்ன முதலாளிகளுக்கும் அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து அதே கணக்குதான். சுற்றுலா வரிச் சட்டம் 2017இல் வந்தது. 2023 முதல், இணையத்தில் அறை பதிவு செய்து தரும் தளங்களும் அந்த வரியை வசூலிக்க வேண்டும். பாலியல் தொல்லைக்கு எதிராகத் தனிச் சட்டம் 2022இல் நிறைவேறியது. ஒவ்வொன்றும் எங்கே உங்களைத் தொடும் என்று கீழே வருகிறது.

ஹோட்டல்ல 1,700 தர்றோம், ஆனா சர்விஸ் சார்ஜையும் சேர்த்துத்தான்னு சொல்றாங்க. சரியா அக்கா?

சரியில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். வாடிக்கையாளர் பில்லில் கட்டும் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் ஊழியர்களுக்குப் பகிரவேண்டிய பணம். அதை எடுத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக்கூடாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்துவிட்டது. தீபகற்ப ஹோட்டல், பார், உணவக ஊழியர்களின் தேசியத் தொழிற்சங்கம் ஒரு ஹோட்டலோடு மல்லுக்கட்டி வாங்கிய தீர்ப்பு அது. அடிப்படைச் சம்பளம் 1,700 தனி, சர்விஸ் பாயிண்ட் பணம், அதாவது அந்தக் கட்டணத்தில் உங்கள் பங்கு, அதற்கு மேல்.

எனக்கு 23 வயதில் நடந்ததைச் சொல்கிறேன். கடலோர ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசை வேலை. முதல் மாதச் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கியபோது மொத்தத் தொகைதான் கண்ணில் பட்டது. வீட்டுக்கு வந்ததும் அப்பா அந்தச் சீட்டை விளக்கடியில் பிடித்து வரி வரியாகப் படித்தார். தோட்டத்தில் ரப்பர் பால் நிறுவையில் கிராணி (கணக்கர்) எழுதுவதை முப்பது வருடம் எட்டிப் பார்த்தவர் அவர். "இதுல அடிப்படை எது, மத்தது எது? பேர் போடாம ஒரே நம்பரா எழுதியிருக்கானே" என்றார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை, கேட்கவும் தைரியம் வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: கையெழுத்துப் போடும் முன் வேலை ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் என்ற வரியில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். அந்த எண் 1,700க்குக் கீழே என்றால், சாப்பாடு, தங்குமிடம், பாயிண்ட் என்று எதைக் கூட்டிச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்க வக்கீல் தேவையில்லை.

ஷிப்ட் முடிஞ்சும் விடமாட்டேங்கறாங்க. ஓவர்டைம் எப்படிக் கணக்குப் பண்றது?

மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு மேல் போகாதவர்களுக்கு ஓவர்டைம் சட்டப்படி உண்டு. புதுப் பட்டதாரிகளில் பெரும்பாலோர் இதற்குள்தான் வருவார்கள். சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. அதை நாளின் வேலை நேரத்தால் வகுத்தால் மணிக்கூலி. சாதாரண நாளில் ஓவர்டைமுக்கு அதன் ஒன்றரை மடங்கு. 1,700 வெள்ளி, எட்டு மணி நேர ஷிப்ட் என்றால் ஒரு நாளைக்கு 65.38, ஒரு மணிக்கு 8.17, ஓவர்டைம் மணிக்கு ஏறக்குறைய 12.26 வெள்ளி. ஓய்வு நாளிலும் பொது விடுமுறையிலும் இதைவிடக் கூடும்.

இன்னொன்றை நிறையப் பேர் கவனிப்பதில்லை. வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் உண்மையாக வேலை என்றால் 48 மணி ஆகிறது. சட்டம் சொல்வது 45. ஆக, ஷிப்ட் நேரத்துக்கே வந்து நேரத்துக்கே போனாலும் அங்கே மூன்று மணி நேரம் ஓவர்டைம் இருக்கிறது. சாப்பாட்டு இடைவேளை இந்தக் கணக்கில் சேராது. வந்த நேரம், போன நேரம் இரண்டையும் தினமும் கைப்பேசியில் குறித்து வையுங்கள்.

இன்டர்ன்ஷிப்ல மாசம் கொஞ்சம் காசுதான் குடுத்தாங்க. 1,700 குடுக்கணும்ல?

படிக்கும்போது கல்லூரி அனுப்பும் தொழிற்பயிற்சி, வேலை ஒப்பந்தம் ஆகாது. அதனால் குறைந்தபட்சச் சம்பளம் அதற்குப் பொருந்தாது. கொடுப்பது உதவித்தொகைதான். ஆனால் படிப்பு முடிந்த பிறகும் 'டிரெய்னி' என்று பெயர் வைத்து, மற்ற ஊழியர் செய்யும் அதே வேலையை வாங்கினால் கதை வேறு. அப்போது நீங்கள் ஊழியர். பதவிக்கு என்ன பெயர் வைத்தாலும் சட்டம் வேலையைத்தான் பார்க்கும்.

எம் பொண்ணு ஹோட்டல் வேலைக்குப் போறேங்கறா. ராத்திரி ஷிப்டாம். அனுப்பலாமா?

இதைக் கேட்கும் அம்மாக்களின் கவலை எனக்குப் புரிகிறது. என் அம்மாவும் இதையேதான் கேட்டார். சட்டம் தடுக்கிறதா என்றால், இல்லை. முன்பு பெண்களை இரவில் வேலை வாங்கக்கூடாது என்ற விதி தொழிற்சாலைக்கும் தோட்ட வேலைக்கும்தான் இருந்தது. 2023 திருத்தத்தில் அதுவும் நீக்கப்பட்டுவிட்டது.

நீங்கள் கேட்க வேண்டியது மூன்று விஷயம். ராத்திரி இறங்கும் ஷிப்டுக்கு வண்டி ஏற்பாடு உண்டா? தங்குமிடம் என்றால் யாரோடு, எத்தனை பேர்? பாலியல் தொல்லை பற்றிய விழிப்புணர்வு அறிவிப்பு கண்ணில் படும் இடத்தில் ஒட்டியிருக்கிறதா? அந்த அறிவிப்பை ஒட்டுவது முதலாளியின் சட்டக் கடமை. நேர்முகத் தேர்வு நாளில் மகளோடு நீங்களும் போய், ஊழியர்கள் போகவர இருக்கும் பின்வாசல் பக்கம் ஒரு நடை நடந்து பாருங்கள். முன்வாசல் எல்லா ஹோட்டலிலும் பளபளப்பாகத்தான் இருக்கும். தொல்லை என்று ஒன்று நடந்துவிட்டால் போலீஸ், தொழிலாளர் இலாகா போக, 2022 சட்டத்தின்படி அமைந்த தனித் தீர்ப்பாயமும் இருக்கிறது.

ரிசப்ஷன்ல நிக்கறேன். 10 வெள்ளி டூரிசம் டேக்ஸ்னு சொன்னா கெஸ்ட் சண்டைக்கு வர்றாங்க. என்ன சொல்றது?

சுற்றுலா வரி ஓர் அறைக்கு, ஓர் இரவுக்கு 10 வெள்ளி. தலைக்கு அல்ல. மூன்று பேர் ஓர் அறையில் இரண்டு இரவு தங்கினால் 20 வெள்ளி, அவ்வளவுதான். மலேசியர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கிடையாது. அதனால்தான் மைகாட் (அடையாள அட்டை) கேட்கிறோம் என்று நம் ஊர்க்காரர்களிடம் சொல்லுங்கள். வெளிநாட்டுக்காரர் இணையத் தளத்தில் பதிவு செய்தபோதே கட்டியிருந்தால் மறுபடி வாங்கக்கூடாது. பதிவுச் சீட்டை முதலில் பாருங்கள். சேவை வரி வேறு, அது 8 விழுக்காடு. சர்விஸ் சார்ஜ் வேறு, அது மேலே சொன்ன ஊழியர் பணம். இந்த மூன்றையும் பில்லில் விரல் வைத்துப் பிரித்துக் காட்டத் தெரிந்த பிள்ளைக்கு முன்மேசையில் மதிப்பே தனி.

இந்தியாவுல இருந்து நிறையப் பேர் வர்றாங்களே. தமிழ் தெரிஞ்சா நமக்கு வாய்ப்புதானே?

பெரிய வாய்ப்பு. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியப் பிரஜைகள் விசா இல்லாமல் வரலாம், 30 நாள் வரை தங்கலாம். அந்தச் சலுகை 2026 கடைசி வரை நீட்டிக்கப்பட்டது. அந்த ஆண்டுதான் 'மலேசியாவிற்கு வருகை தாருங்கள் 2026' ஆண்டும். சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நேரே விமானம் இருக்கிறது. வயதான அப்பா அம்மாவைக் கூட்டி வரும் குடும்பங்களுக்குத் தமிழில் பேசும் வழிகாட்டி கிடைத்தால் முகமே மலர்ந்துவிடும்.

ஆனால் மொழி மட்டும் போதாது, கதை தெரிய வேண்டும். பத்து காஜா ஊரிலுள்ள கெல்லி மாளிகைக்கு நான் ஆட்களைக் கூட்டிப்போகும்போது, முதலில் மாளிகைக்குள் போகமாட்டேன். பக்கத்து மாரியம்மன் கோயிலுக்குப் போவேன். கோயில் மேலே தெய்வச் சிலைகளுக்கு நடுவில் வெள்ளைக்காரத் துரை உருவம் ஒன்று நிற்கும். அதுதான் வில்லியம் கெல்லி ஸ்மித். மாளிகை கட்ட அவர் தென்னிந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவந்தார். காய்ச்சல் கண்டு பலர் செத்துப்போனார்கள். தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டதால் கோயில் எழுந்தது. துரை 1926இல் லிஸ்பனில் இறந்தார், மாளிகை முடியாமலே நின்றது, கோயிலில் இன்னமும் விளக்கு எரிகிறது. ஒருமுறை மதுரைப் பக்கத்துப் பாட்டி ஒருவர் அந்த உருவத்தை வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "எங்க பெரியப்பாவும் இப்படித்தான் கப்பல் ஏறிப் போனாரு, திரும்பி வரவே இல்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று நான் அதற்கு மேல் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

நம் ஊரிலும் கதை உண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்துதான் நாட்டில் அவசரகாலம் வந்தது. ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊரும் இதுதான். இதைச் சொல்ல நம்மைவிட்டால் யார்? உரிமம் எடுத்துக்கொண்டு சொல்லுங்கள்.

சொந்தமா கைடா போனா ஈ.பி.எஃப்., சொக்சோ கிடையாதே?

தானாக வராது, நீங்களே கட்டலாம். சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் சுயதொழில் செய்பவர்களுக்கென்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனித் திட்டம் இருக்கிறது. வேலையில் அடிபட்டால் கைகொடுக்கும். குகையில் வழுக்கி விழுந்து கால் முறிந்த வழிகாட்டிக்கு மூன்று மாதம் வருமானம் கிடையாது, அதை யோசியுங்கள். ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் சேர்ந்தால், நீங்கள் போடும் பணத்துக்கு அரசாங்கம் 20 விழுக்காடு சேர்க்கும், ஆண்டுக்கு 500 வெள்ளி வரை. வருமான வரிப் படிவத்தையும் மறக்காதீர்கள். வீட்டுக்கடன் வாங்கப் போகும்போது வங்கி முதலில் கேட்பது அதைத்தான்.

நானே வாட்ஸ்அப்ல ஆள் சேர்த்து இந்தியாவுக்குக் கோயில் டூர் கூட்டிட்டுப் போலாமா?

இதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தப்பு. பயணத் தொகுப்பு போட்டு, விலை வைத்து, பணம் வாங்கிக் கூட்டிப்போவது டூர் வியாபாரம். முதல் பதிலில் சொன்ன அதே 482ஆம் சட்டப்படி, கம்பெனியாகப் பதிந்து அமைச்சின் உரிமம் பெற்றவர்கள்தான் அதைச் செய்யலாம். வழிகாட்டி பேட்ஜ் இருந்தாலும் போதாது, அது வேறு உரிமம். சொந்தக்காரர்கள் சேர்ந்து வேன் பிடித்து, செலவைப் பங்கு போட்டுப் பத்துமலைக்குப் போவது வியாபாரம் இல்லை. அதில் யாருக்கும் பயம் வேண்டாம்.

ஆள் சேர்க்கத் தெரியும் என்றால் உரிமம் உள்ள நிறுவனத்தோடு கைகோருங்கள். பயணச்சீட்டும் ரசீதும் அவர்கள் பெயரில் வரட்டும், உங்களுக்கு ஊதியம் எழுத்தில் வரட்டும். நம் பக்கத்து லயத்து அம்மா மூன்று வருடம் சேர்த்த காசை உங்களை நம்பித்தான் தருகிறார். விமானம் ரத்தானாலோ யாராவது ஏமாற்றினாலோ அவர் நியாயம் கேட்டுப் போக ஒரு கதவு வேண்டும். முறையான ரசீது இருந்தால் 50,000 வெள்ளி வரை பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் கேட்கலாம்.

பழைய தோட்ட வீட்ட ஹோம்ஸ்டே ஆக்கி, தோட்டத்தச் சுத்திக் காட்டலாமா?

ஆசை நல்ல ஆசை. ஆனால் லயம் தோட்ட நிர்வாகத்தின் சொத்து. அவர்கள் எழுத்தில் அனுமதி தராமல் ஒரு பயணியைக்கூட உள்ளே கூட்டிப்போகாதீர்கள். சொந்த நிலம், சொந்த வீடு என்றால் முதலில் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் அனுமதி கேளுங்கள். சுங்கை சிப்புட் அவர்கள் எல்லைக்குள்தான் வருகிறது. 'ஹோம்ஸ்டே' என்பதே 1995இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் பெயர். ஊர்க் குடும்பங்கள் கூட்டாகப் பதிந்து, பயிற்சி எடுத்து, விருந்தாளியைக் குடும்பத்தோடு தங்கவைக்கும் முறை அது. சும்மா வாடகைக்கு விடும் வீடு அதில் சேராது.

சுற்றிக் காட்டுவதற்குக் காசு வாங்கினால் முதல் பதிலைத் திரும்பப் படியுங்கள். காசு வாங்காமல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மரம் சீவிக் காட்டினால் உரிமம் கேட்க மாட்டார்கள்.

சபாவுல ரிசார்ட்ல வேலை கிடைச்சிருக்கு. நம்ம நாடுதானே, அப்படியே போயிடலாமா?

போக முடியாது. தீபகற்பத்தில் இருப்பவர்கள் சபா, சரவாக்கில் வேலை செய்ய வேலைப் பாஸ் வேண்டும். முதலாளிதான் எடுத்துத் தர வேண்டும். அது கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) சரியா வரல. பத்து வருஷமா ஹோட்டல் கிச்சன்லதான் இருக்கேன். எனக்கு இதுல என்ன இருக்கு?

உங்களுக்குத்தான் சட்டம் நல்ல வழி வைத்திருக்கிறது அண்ணே. 2006ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் மலேசியத் திறன் சான்றிதழ், எஸ்.கே.எம்., தருகிறார்கள். ஏற்கெனவே வேலை தெரிந்தவர்கள் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. பி.பி.டி. என்ற முறையில், செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாகத் தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்தும் காட்டினால் சான்றிதழ் கிடைக்கும். மூன்றாம் நிலைக்கு மேல் டிப்ளோமாவும் உண்டு. சமையல் தட்டைப் படம் எடுத்து வையுங்கள், வேலை அட்டவணை, பொறுப்புக் கடிதம், பழைய சம்பளச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். பத்து பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் ஹோட்டல்கள் எச்.ஆர்.டி. (மனிதவள மேம்பாட்டு) நிதிக்கு மாதாமாதம் பணம் கட்டுகின்றன. அந்தப் பணத்தில் என்னைப் பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.

பேட்ஜ் வர்ற வரைக்கும் இன்னொருத்தர் பேட்ஜ மாட்டிக்கிட்டுப் போன்னு ஏஜென்சில சொல்றாங்க. போலாமா?

போகாதே தம்பி. அந்த பேட்ஜில் அவர் படம் இருக்கும், அவர் பெயர் இருக்கும். அமைச்சின் அதிகாரிகள் சுற்றுலா இடங்களிலேயே வந்து சோதிப்பார்கள். பிடிபட்டால் பேட்ஜ் கொடுத்தவரின் பிழைப்பும் போகும், நாளைக்கு நீ உரிமத்துக்கு மனுப் போடும்போது உன் பெயரும் கெட்டிருக்கும். உன்னை அனுப்பிய ஏஜென்சி அங்கே வந்து நிற்காது.

அதுவரைக்கும் அவர்களிடம் உரிமம் தேவைப்படாத வேலை கேள். பேருந்து ஏற்பாடு, அறைப் பங்கீடு, விமான நிலையத்தில் பெயர்ப்பலகை பிடித்து நிற்பது, வழிகாட்டியோடு கூடவே போய் தண்ணீர்ப் போத்தல் எடுத்துக் கொடுப்பது. நான் எட்டு மாதம் அதைத்தான் செய்தேன். மூத்த வழிகாட்டி பேசுவதைப் பின்சீட்டில் உட்கார்ந்து எழுதி எழுதி இரண்டு நோட்டுப் புத்தகம் நிறைந்தது. ஞாயிற்றுக்கிழமை வா, தருகிறேன்.